கோசுமெலில் ஒரு பகல்

கரீபியன் கப்பல் பயணத்துல மெக்சிகோவோட கோசுமெல் தீவில் நின்னது ஒரே ஒரு பகல். அதுக்குள்ள ரெண்டு ஸ்கூபா டைவ்! பலான்கார் பவளப்பாறையைப் பார்க்கணும்னு பல வருஷ ஆசை. தீவிலேயே ஒரு சின்ன டைவ் கடையில் முன்னாடியே பேசி வெச்சேன். படகில் ஆறே பேர்.

முதல்ல கேட்டது கரை திரும்பும் நேரத்தைத்தான். கப்பல் ஏற்பாட்டுல இல்லாம தனியா போனவங்களுக்காகக் கப்பல் காத்திருக்காது. தீவு நேரமும் கப்பல் நேரமும் ஒரு மணி நேரம் மாறலாம், கடிகாரத்தைக் கப்பல் நேரத்திலேயே வைங்க. ஊர் திரும்புறதுக்கு முந்தின நாள் டைவ் வேண்டாம்; ரெண்டு தடவை மூழ்கினா விமானம் ஏற 18 மணி நேரமாவது இடைவெளி விடணும்.

பலான்கார்ல நீரோட்டமே நம்மைத் தூக்கிட்டுப் போகுது. 18 மீட்டர் ஆழத்தில், கைக்கெட்டும் தூரத்தில் ஒரு ஆமை. மூச்சுவிடவே மறந்துடுவேனோன்னு பயந்துட்டேன்.