வாய்தா

மார்ச் 4

சார் போய்ப் பதினோரு நாள். இன்றைக்குத்தான் ஆபீஸைத் திறந்தோம். கேஸ் கட்டுகளைக் கட்சிக்காரர்களிடம் திருப்பிக் கொடுக்கக் குமாஸ்தா பிரித்து அடுக்கிக்கொண்டிருந்தார். நான் அலமாரியில் இருந்த பழைய டைரிகளைப் புரட்டினேன். வழக்கு எண், பெயர், அடுத்த வாய்தா. எல்லா வக்கீல் டைரியும் போலத்தான். ஆனால் பக்கத்துக்குப் பக்கம் ஓரத்தில் பென்சிலில் ஓர் எழுத்தும் ஓர் எண்ணும்: க 12. ச 93. மு 1. நாலு பக்கம் தள்ளி மறுபடி மு 1. அப்புறமும் மு 1. ஏதோ பீஸ் பாக்கி என்று குமாஸ்தா இத்தனை வருஷம் நினைத்திருக்கிறார்.

மு நான்தான்.

மார்ச் 5

ஜூனியராகச் சேர்ந்தபோது நான் காலையிலேயே குடிக்கிறவன். வக்காலத்தில் கையெழுத்துப் போட, வலது கையை இடது கையால் பிடித்துக்கொள்வேன். ஒருநாள் பார்த்துவிட்டார். புத்திமதி இல்லை. "கடைசியா எத்தனை மணிக்கு?" அவ்வளவுதான். இந்த நிமிஷத்தோடு விட்டுவிடுகிறேன் சார் என்று வீரம் பேசினேன்.

"வீட்ல தனியா படுத்துக்கிட்டு விடற சமாச்சாரம் இல்லய்யா இது. டாக்டர்கிட்ட வா."

நாள்பட்டுக் குடித்தவன் சட்டென்று நிறுத்தினால் முதல் இரண்டு மூன்று நாளில் வலிப்பு வரலாம், புத்தி பேதலிக்கலாம், உயிரேகூடப் போகலாம். எனக்கு அதுவரை தெரியாது. தயமின் என்கிற வைட்டமின் ஊசி, நடுக்கம் அடங்க மாத்திரை. மூன்றாம் நாள் ராத்திரி சுவரெல்லாம் எறும்பு என்று கத்தினேனாம். சார் பக்கத்து நாற்காலியில் அப்பீல் மனு திருத்திக்கொண்டிருந்தாராம்.

தெளிந்ததும் அழுதேன். ஆயுசு முழுக்க எப்படிக் குடிக்காமல் இருப்பது?

"ஆயுசை யாருய்யா கேட்டா? இன்னைக்கு ஒரு வாய்தா வாங்கு. நாளைக்கு மறுபடி வாங்கிக்கலாம். கேஸை இழுத்தடிக்கத் தெரியாதவன் என்ன வக்கீல்?"

மார்ச் 8

சாரும் குடித்து எழுந்தவர்தான். ஆக்ரன் கதையைச் சொல்லும்போது மட்டும் குரலில் கொஞ்சம் கர்வம் தெரியும். 1935, அமெரிக்காவில் ஒஹையோ மாநிலத்து ஆக்ரன் நகரம். பங்குச் சந்தைக்காரர் பில் வில்சனும் டாக்டர் பாப் ஸ்மித்தும் தாங்கள் குடிக்காமல் இருக்க இன்னொரு குடிகாரனைத் தேடி ஆஸ்பத்திரிக்குப் போகிறார்கள். நர்சுகளை அடித்துவிட்டுக் கட்டிலில் கட்டுண்டு கிடந்த ஒரு வக்கீல் கிடைக்கிறார். குடியை விட நினைக்கிறவர்கள் ஒருவருக்கொருவர் கைகொடுக்கும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் அமைப்பின் மூன்றாவது ஆள் அவர்தான். ஜூலை 4 அன்று வெளியே வந்தவர் 1954இல் சாகிறவரை குடிக்கவில்லை. "மூணாவது ஆளே நம்ம தொழில்காரன்ய்யா" என்பார் சார். 2016இல் அமெரிக்க வக்கீல்களிடம் எடுத்த ஆய்வில் ஐந்தில் ஒருவருக்குக் குடிப் பிரச்சினை என்று வந்ததையும் நான்தான் அவருக்குக் காட்டினேன். அதற்குச் சிரிக்கவில்லை.

மார்ச் 9

ச 93. அந்த எண்ணுக்குப் பக்கத்தில் பென்சில் முனை அழுந்திக் காகிதம் கிழிந்திருக்கிறது. ச குடிகாரன் இல்லை, ஹெராயின். மூன்று மாதம் தொடாமல் இருந்தான். பிறகு ஒரு ராத்திரி பழைய அளவையே ஏற்றிக்கொண்டான். இடைவெளி விட்ட உடம்புக்குப் பழைய தாங்குசக்தி இருக்காது. தான் முன்பே சொல்லியிருக்க வேண்டும் என்று சார் தன்மேல்தான் பழி போட்டுக்கொண்டார். அதற்குப் பிறகு வந்த ஒவ்வொருவரிடமும் முதல் நாளே சொன்னார், கேட்கிறவன் முகம் சுளித்தாலும்.

மார்ச் 11

சாருடைய செல்போனைச் சார் வீட்டு அம்மா என்னிடம் கொடுத்துவிட்டார். "ராத்திரில அடிக்குதுப்பா. எடுத்து என்ன சொல்றதுன்னு தெரியல."

பதினொன்றரைக்கு அடித்தது. சின்ன வயசுக் குரல், நாக்கு குழறியது.

"சார் இருக்காரா?"

விஷயம் தெரியாதவன். சொன்னேன். வெகுநேரம் மூச்சுச் சத்தம் மட்டும். வைத்துவிடுவான் என்று பயந்து, வாயில் வந்ததைக் கேட்டேன்.

"கடைசியா எத்தனை மணிக்கு?"

"இப்பத்தான்... பத்து மணிக்கு. நீங்க யாரு?"

பேரில் முதல் எழுத்தை மட்டும் சொன்னேன். எங்கே இருக்கிறான் என்று கேட்டுக்கொண்டே பைக் சாவியைத் தேடினேன்.