படிக்கட்டின் உச்சியில் எடித் லண்டன்டெரி

நாடாளுமன்றக் கூட்டத்தொடர் தொடங்குவதற்கு முந்தைய நாள் இரவு, லண்டன் பார்க் லேனில் இருந்த லண்டன்டெரி மாளிகையில் கன்சர்வேட்டிவ் கட்சிக்காரர்களுக்கு வரவேற்பு நடக்கும். 1919இல் மாமியார் தெரஸா இறந்த பிறகு அந்தப் பொறுப்பு லண்டன்டெரியின் 7ஆம் மார்க்வெஸ் என்ற உயர்குடிப் பட்டம் பெற்றவரின் மனைவி எடித்திடம் வந்தது. குடும்ப வைரங்களை அணிந்து, பிரதமர் பால்ட்வின் பக்கத்தில் நிற்க, பெரிய படிக்கட்டின் உச்சியில் நின்று, ஏறி வருபவர்களுக்கு ஒவ்வொருவராகக் கை கொடுப்பார். வருகிறவர்கள் சுமார் 2,000 பேர். ஆளுக்கு 4 விநாடி என்று வைத்தாலே 2 மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. யாராவது அரை நிமிடம் நின்று பேசினால் பின்னால் ஏழு பேர் படியில் தேங்குவார்கள். பெயரை உரக்க அறிவிக்கப் பணியாளர் ஒருவர் நிற்பது பகட்டுக்காக மட்டுமல்ல. அந்தப் பெயரைக் கேட்டுத்தான் சீமாட்டி பொருத்தமாக ஒரே ஒரு வாக்கியம் சொல்லி, ஆளை உள்ளே நகர்த்த முடியும். முதல் தடவை எம்.பி. ஆனவருக்கு, தலைவர் கை கொடுத்த இரவு அது. கட்சிச் சம்பளம் வாங்காத ஒருவர் செய்த கட்சி வேலை என்றுதான் இதைச் சொல்வேன்.

விருந்து மேசை இன்னும் நுணுக்கமானது. பட்டம், பதவி வரிசைமுறைப்படி உயர்ந்த ஆண் விருந்தாளி சீமாட்டியின் வலப்பக்கம், அடுத்தவர் இடப்பக்கம். உயர்ந்த பெண் விருந்தாளி வீட்டுத்தலைவரின் வலப்பக்கம். கணவனும் மனைவியும் அடுத்தடுத்து உட்காரக் கூடாது. ஆணும் பெண்ணும் மாறிமாறி வர வேண்டும். இங்கேதான் எண்ணிக்கை காலை வாரிவிடும். வீட்டுக்காரர்கள் இருவரும் இரண்டு முனைகளில் உட்கார்ந்தால் 6, 10, 14 பேருக்கு ஒழுங்கு சரியாக வரும். 8, 12, 16 என்று நான்கால் வகுபடும் எண்ணாக இருந்தால் வராது. எட்டுப் பேரை எண்ணிப் பாருங்கள்: ஒரு முனையில் சீமாட்டி, பிறகு ஆண், பெண், ஆண், எதிர்முனைக்கு இன்னொரு பெண்தான் வந்தாக வேண்டும். அப்போது சீமாட்டியே ஓர் இடம் நகர்ந்து, தன் முனையை ஓர் ஆணுக்கு விட்டுக்கொடுப்பார். 14 பேரில் ஒருவர் கடைசி நேரத்தில் வராமல் போனால் மிஞ்சுவது 13. அந்த எண்ணுக்கு அஞ்சுகிறவர்கள் அங்கே நிறைய. அதனால் சாயங்காலம் கூப்பிட்டாலும் மனம் கோணாமல் வரக்கூடிய தனியாள் ஒருவரைக் கைவசம் வைத்திருப்பார்கள்.

ஆளுக்கு 2 அடி இடம் கிடைக்காவிட்டால் பரிமாறுகிறவர் இடப்பக்கமாகத் தட்டை நீட்ட முடியாது. பேச்சுக்கும் முறை உண்டு. பாதி விருந்தில் சீமாட்டி மறுபக்கத்துக்காரரிடம் திரும்புவார். மேசை முழுவதும் அதேபோல் திரும்ப வேண்டும். பேச்சு ருசியில் ஒரு ஜோடி திரும்ப மறந்தால், அவர்களுக்கு இரு புறமும் ஆளுக்கொருவர் தங்கள் தட்டையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

இவ்வளவு கட்டுப்பாட்டையும் தெரிந்த எடித், அதைத் தளர்த்தவும் தெரிந்தவர். 1915இல், போர்க்காலத்தில், 'ஆர்க்' (நோவாவின் பேழை) என்ற நண்பர் கூட்டத்தைத் தொடங்கினார். புதன்கிழமை மாலைகளில் மாளிகையில் கூடுவார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு விலங்கின் பெயரோ மாயப் பிறவியின் பெயரோ உண்டு: எடித் 'சர்சி' என்ற சூனியக்காரி, சர்ச்சில் 'வார்லாக்' என்ற மந்திரவாதி, முன்னாள் பிரதமர் பால்ஃபர் 'ஆல்பட்ராஸ்' என்ற கடற்பறவை. பட்டமும் பதவியும் வாசலோடு நின்றுவிடும். ராணுவத்துக்குச் சமையல்காரிகளையும் பெண் ஓட்டுநர்களையும் திரட்டிக் கொடுத்த 'விமன்ஸ் லீஜியன்' அமைப்பை அவர் நிறுவியதும் அதே ஆண்டில்தான்.

பிற்பாடு தொழிற்கட்சிப் பிரதமர் ராம்சே மெக்டொனால்டும் ஆர்க்கில் சேர்ந்தார். அவருக்கு வைத்த பெயர் ஹேமிஷ் என்ற கலைமான். 1929இல் அவர் வென்ற தொகுதி சீஹாம், லண்டன்டெரி குடும்பத்தின் நிலக்கரிச் சுரங்கங்கள் இருந்த ஊர். 1931இல் அவர் கன்சர்வேட்டிவ்களோடு சேர்ந்து தேசிய அரசு அமைத்ததும் தொழிற்கட்சி அவரை வெளியேற்றியது. எடித்தின் கணவர் விமானத்துறை அமைச்சரானார். தொழிலாளர்களுக்கு இந்த நட்பு எப்படி வலித்திருக்கும் என்பதை எடித் உணர்ந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

அதைவிடப் பெரிய தவறு 1936இல் நடந்தது. அந்த ஆண்டு தம்பதியர் ஜெர்மனி சென்று ஹிட்லரைச் சந்தித்தார்கள். சில மாதத்தில் ஹிட்லரின் வெளியுறவு ஆலோசகர் ரிப்பன்ட்ராப் வட அயர்லாந்தில் உள்ள அவர்களுடைய மவுண்ட் ஸ்டூவர்ட் வீட்டில் விருந்தாளியாகத் தங்கினார். எதிரியையும் ஒரே மேசையில் உட்காரவைத்தால் சமாதானமாகிவிடலாம் என்பது அந்த வீட்டின் பழக்கம். அந்தப் பழக்கம் நாஜியிடம் செல்லாது என்று அவர்களுக்குத் தெரியவில்லை.

பார்க் லேன் மாளிகை 1960களில் இடிக்கப்பட்டது. மவுண்ட் ஸ்டூவர்ட்டில் 1921 முதல் எடித் உருவாக்கிய தோட்டம் இன்றும் இருக்கிறது. அங்கே 'டோடோ டெரஸ்' என்ற மேடையில், ஆர்க் நண்பர்களை நினைத்து அவர் செய்வித்த சிமெண்ட் விலங்குகள் நிற்கின்றன; தூண்களின் மேல் டோடோ பறவைகள், நடுவே ஒரு சின்னப் பேழை.