பினாங்கில் ஜிம்முக்குக் காசு கொடுக்காதீர்கள்

விடுதி விளம்பரத்தில் ‘ஜிம் வசதி உண்டு’ என்று போட்டிருந்தார்கள். அந்த ஒரு வரிக்காகப் பக்கத்துத் தெரு விடுதியைவிட அதிக வாடகை. போய்ப் பார்த்தால், துவைத்த துணிகள் அடுக்கிய அறையின் மூலையில் ஒரே ஒரு டிரெட்மில். அதுவும் ஓடவில்லை. வரவேற்பில் கேட்டால், “நாளைக்கு ஆள் வருவார் அக்கா” என்றார்கள். நாங்கள் அறையைக் காலி செய்யும்வரை எந்த ஆளும் வரவில்லை. அந்தக் கோபம் ஆறுவதற்குள் இதை எழுதிவிட வேண்டும்.

ஏனென்றால் பினாங்குத் தீவில் ஜிம்முக்கு வேலையே இல்லை. கையில் காசும் குறைவு, உடம்பும் கெடக்கூடாது என்று நினைப்பவர்களுக்கு ஊரே மைதானம்தான். நேரம் மட்டும் பிடிபட வேண்டும். பூமத்திய ரேகைக்கு வடக்கே ஐந்து டிகிரி தள்ளி இருக்கிற இடம். வருடம் முழுக்க 30 டிகிரிக்கு மேல் வெயில், காற்றில் ஈரம் வேறு. காலை பத்து மணிக்கு மேல் ஓடுவதெல்லாம் வீம்பு. சென்னை ஆட்களுக்கு இங்கே ஒரு குழப்பம் உண்டு: ஆறு மணிக்கு எழுந்து பார்த்தால் கும்மிருட்டு. 1982-ல் மலேசியத் தீபகற்பம் கடிகாரத்தை அரை மணி முன்னால் தள்ளி வைத்துக்கொண்டதால் சூரியன் ஏழுக்கு மேல்தான் உதிக்கிறது, மாலையிலும் ஏழுக்கு மேல்தான் மறைகிறது. நமக்கு லாபம்தான். விடிந்தபின் இரண்டு மணி நேரம், சாயங்காலம் ஆறிலிருந்து ஒரு மணி நேரம், அவ்வளவு போதும்.

முதல் காலை தாவரவியல் பூங்கா. 1884-ல் பழைய கல்குவாரியில் உருவாக்கியது. நுழைவுக் கட்டணம் கிடையாது என்பதே எனக்குப் பாதி தெம்பு. நம் கோயில் நாகலிங்க மரம் இங்கே பூத்து நிற்கிறது. குரங்குகளிடம் மட்டும் எச்சரிக்கை. கையில் பிளாஸ்டிக் பை தெரிந்தால் அது அவர்களுடையது.

ஆனால் பூங்காவைச் சுற்றி நடப்பதற்காக யாரும் அங்கே வரவில்லை என்பது சீக்கிரமே தெரிந்துவிட்டது. அறுபது, எழுபது வயதுச் சீன அங்கிள்களும் ஆன்ட்டிகளும் கழுத்தில் துண்டைப் போட்டுக்கொண்டு விறுவிறுவென்று மலைப்பக்கம் போகிறார்கள். பின்னாலேயே போனோம். பூங்கா வாசலிலிருந்து பினாங்கு மலைக்கு ஏறும் தார்ச்சாலை அது, ஜீப் டிராக் என்கிறார்கள். ஐந்து கிலோமீட்டர்தான், ஆனால் அந்தச் செங்குத்து இருக்கிறதே! சில வளைவுகளில் குதிகால் தரையில் படவே இல்லை. சட்டையைப் பிழிந்தால் ஒரு சொம்பு தண்ணீர் வரும். நாங்கள் மூச்சு வாங்கி நிற்க, ஒரு பாட்டி “மெதுவா, மெதுவா” என்கிற மாதிரிக் கையைக் காட்டிவிட்டு எங்களைத் தாண்டிப் போனார். என் வீட்டுக்காரர் அதற்கப்புறம் வாயே திறக்கவில்லை.

பாதி வழியில் ‘84’ என்று ஒரு இளைப்பாறும் இடம். சூடாகத் தேநீர் ஊற்றிக் கொடுத்தார்கள். வியர்த்து ஊற்றும்போது சூடான டீயா என்று தோன்றும். குடித்துப் பாருங்கள். இந்தப் பயணத்தில் நான் குடித்த மிகச் சிறந்த டீ அதுதான், ஊரெல்லாம் புகழும், நுரை வர ஆற்றித் தரும் பால் டீயான தே தாரிக்கைவிட.

மலையின் மிக உயர்ந்த உச்சி 833 மீட்டர். மலையேறும் ரயில் நிற்கும் இடம் அதைவிடச் சற்றுத் தாழ்வு. மேலே போனதும் ஊரைவிடக் குளுமை, நாக்குக்குக் காபி, கண்ணுக்குக் கடலும், தீவை மறுகரையோடு இணைக்கும் பாலமும். இறங்கும்போது மட்டும் 1923-லிருந்து ஓடும் இழுவை ரயிலில் ஒருவழிச் சீட்டு வாங்கிக்கொண்டோம். வெளிநாட்டவருக்கு உள்ளூர்க்காரர்களைப் போல இரண்டு மடங்குக்கு மேல் வாங்குகிறார்கள், அது உறுத்தத்தான் செய்தது. இருந்தாலும் அந்தச் சரிவில் நடந்து இறங்கினால் முட்டிக்கு வைத்தியம் பார்க்க அதைவிட அதிகம் ஆகும். கீழே ஆயர் ஈத்தாம் பக்கம் 204 பேருந்து. பேருந்தில் சில்லறை தர மாட்டார்கள், சரியான காசு வைத்துக்கொள்ளுங்கள். ஏசியை ஏன் அப்படி வைக்கிறார்கள் என்பது புரியவில்லை. நனைந்த சட்டையோடு ஏறி நடுங்கிக்கொண்டே வந்தோம். மாற்றுச் சட்டை எடுத்துப் போங்கள்.

இவ்வளவு ஏற முடியாதவர்களுக்கு அதே பூங்காச் சாலையில் தண்ணீர்மலை முருகன் இருக்கிறார். தைப்பூசத்துக்குக் கூட்டம் அலைமோதும் பாலதண்டாயுதபாணி கோயில்தான். ஐந்நூறுக்கும் மேற்பட்ட படிகள். சாதாரண நாள் காலையில் பக்தர்களைவிட ஷூ போட்டவர்கள்தான் அதிகம் தெரிந்தார்கள். ஏறினால் பயிற்சி, மேலே போனால் தரிசனம், எதற்கும் கட்டணமில்லை.

இனி தெலுக் பஹாங். 101 பேருந்தில் கடலோரமாகவே போனால் தீவின் வடமேற்கு முனையில் தேசியப் பூங்கா. கெராச்சுட் கடற்கரைக்குக் காட்டுக்குள் வேர்களும் படிகளுமாக ஒன்றரை மணி நேர நடை. கரையோரம் ஒரு விசித்திரமான ஏரி உண்டு: அடியில் உப்புநீர், மேலே நல்ல நீர், இரண்டும் கலக்காது. நாங்கள் போனபோது பெரும்பகுதி வற்றிக் கிடந்தது. பக்கத்தில் ஆமைக்குஞ்சுகளைப் பாதுகாக்கும் மையம். அலையும் சொறிமீனும் இருப்பதால் அங்கே நீந்த வேண்டாம் என்கிறார்கள், கால் நனைத்ததோடு நிறுத்திக்கொண்டோம்.

திரும்பி வந்து சாலையில் நிற்கும்போதுதான் அந்த டாக்ஸிக்காரர் வந்தார். “தமிழா? எந்த ஊரு தங்கச்சி?” என்று ஆரம்பித்து, “பஸ் இனிமே வராதும்மா. நம்ம ஆளுங்கன்னு எண்பது ரிங்கிட்டுக்கு வரேன்” என்றார். நம்ம ஆளுக்கே எண்பதென்றால் மற்றவர்களுக்கு எவ்வளவோ! டாக்ஸி செயலியில் பார்த்தால் அதில் பாதிகூட இல்லை. “அண்ணே, பரவால்ல, நாங்க நிக்கிறோம்” என்றேன். வராத பேருந்து பத்து நிமிஷத்தில் வந்தது.

சாப்பாடு பற்றிச் சொல்லாமல் உடற்பயிற்சி பற்றி எழுதுவது பாசாங்கு. தமிழ் முஸ்லிம்கள் ஒரு காலத்தில் தோளில் சுமந்து விற்ற நாசி கண்டார் இந்தத் தீவின் அடையாளம். சோற்றின்மேல் நாலைந்து குழம்பையும் கலந்து ஊற்றச் சொல்வதற்குப் ‘பஞ்சிர்’ என்பார்கள், வெள்ளம் என்று பொருள். மலையேறி இறங்கிய மதியம் மீன்முட்டைக் குழம்பும் வெண்டைக்காயும் பஞ்சிராக வாங்கிச் சாப்பிட்டேன். ஏறியதெல்லாம் அந்தத் தட்டிலேயே கணக்குத் தீர்ந்தது, வருத்தமே இல்லை. ஒன்று மட்டும்: பல கடைகளில் விலைப்பட்டியல் இருக்காது, தட்டைப் பார்த்துக் கண்ணாலேயே தொகை சொல்வார்கள். மீன்முட்டையும் பெரிய இறாலும் எடுக்கும் முன் விலை கேட்டுவிடுங்கள். டீயில் சர்க்கரையை அள்ளிப் போடுவார்கள். ‘தே ஓ கொசோங்’ என்றால் பாலும் சர்க்கரையும் இல்லாமல் வரும். இவ்வளவு வியர்க்கும் ஊரில் வெறும் தண்ணீர் மட்டும் குடித்தால் சோர்வு வரும், எலுமிச்சைச் சாற்றில் உப்புப் போடச் சொல்லிக் குடியுங்கள், விலையும் குறைவு. விடுதி தேடும்போது ஜிம் இருக்கிறதா என்பதை விட்டுவிட்டு, துணி காயவைக்க பால்கனி இருக்கிறதா என்று பாருங்கள்.