ஸ்லோ குக்கரில் ருசி சேரும் நேரம்

நான் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறேன். பெரும்பாலும் இரவுப் பணிதான். காலையில் வந்து படுத்தால் எழுந்திருக்க மாலையாகிவிடும். எழுந்ததும் வீட்டில் செய்த சாப்பாடு சூடாக இருக்க வேண்டும் என்ற ஆசையில்தான், குறைந்த சூட்டில் பல மணி நேரம் வேகவைக்கும் மின்சாரப் பாத்திரமான ஸ்லோ குக்கர் வாங்கினேன். எல்லாவற்றையும் உள்ளே போட்டு மூடிவிட்டால் போதும் என்றுதான் பலரும் இதைப் பற்றிச் சொல்வார்கள். அப்படிச் செய்தாலும் வேகும், பசியும் அடங்கும். ஆனால் விரும்பிச் சாப்பிடும்படி இருக்க வேண்டுமென்றால் ஆரம்பத்தில் ஒரு கால் மணி நேரமும் கடைசியில் ஒரு அரை மணி நேரமும் நாம் அடுப்படியில் நிற்க வேண்டும். நடுவில் உள்ள ஏழெட்டு மணி நேரத்தைக் குக்கர் பார்த்துக்கொள்ளும்.

இது பிறந்ததே ராத்திரி முழுக்க வேகும் சாப்பாட்டுக்காகத்தான். அமெரிக்கக் கண்டுபிடிப்பாளர் இர்விங் நாக்ஸன் 1936இல் இதற்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார், 1940இல் கிடைத்தது. லிதுவேனியாவில் அவருடைய அம்மா வழியினர், பேக்கரி அடுப்பு அணைந்தபின் அதில் மிஞ்சியிருக்கும் சூட்டிலேயே பயறும் கறியும் நிறைந்த சட்டியை விடியும்வரை வைப்பார்களாம். அம்மா சொன்ன அந்தக் கதையிலிருந்துதான் அவருக்கு யோசனை வந்தது. பிறகு ரைவல் என்ற நிறுவனம் அதை வாங்கி, 1971இல் க்ராக்-பாட் என்ற பெயரில் விற்கத் தொடங்கியது. குறைந்த சூடு, நீண்ட நேரம், இறுக்கமான மூடி. இன்றைக்கும் இதன் அடிப்படை இவ்வளவுதான்.

அளந்து பார்ப்பது எனக்குத் தொழில் பழக்கம். அதனால் சமைக்கத் தொடங்கும் முன்பே பாதி அளவு தண்ணீர் ஊற்றி, 'லோ'வில் 8 மணி நேரம் வைத்து, மூடியைத் திறந்த உடனே வெப்பமானியை விட்டுப் பார்த்தேன். 85 முதல் 93 டிகிரி செல்சியஸுக்குள் இருந்தால் குக்கர் சரியாக இருக்கிறது என்று அர்த்தம். என்னுடையது 91 காட்டியது. புதிதாக வாங்கும் எல்லோரும், பழையதைத் தூசி தட்டி எடுப்பவர்கள் கட்டாயமாக, இதைச் செய்து பார்க்க வேண்டும். 'லோ', 'ஹை' இரண்டும் பெரும்பாலான குக்கர்களில் கடைசியில் ஏறக்குறைய ஒரே சூட்டுக்குத்தான் போய்ச் சேரும். 'ஹை'யில் சீக்கிரம் சேரும், அவ்வளவுதான். 'ஹை'யில் ஒரு மணி நேரம் என்றால் 'லோ'வில் இரண்டு மணி நேரம் என்று தோராயமாகக் கணக்கு வைத்துக்கொள்ளலாம்.

ருசியைக் கெடுப்பதில் முதல் இடம் தண்ணீருக்கு. திறந்த பாத்திரத்தில் கொதிக்கும்போது ஆவியாகப் போகும் நீர் இங்கே மூடியில் பட்டு, திரும்பக் குழம்புக்குள்ளேயே சொட்டுகிறது. போதாததற்குக் கறியும் வெங்காயமும் தக்காளியும் தங்கள் நீரை வேறு விடுகின்றன. ஆகவே அடுப்பில் செய்யும் குறிப்பு ஒன்றை அப்படியே இதில் செய்வதாக இருந்தால், தண்ணீரை முதலிலேயே பாதியாகக் குறைத்துவிடுவேன். கறித்துண்டுகள் முழுக்க மூழ்க வேண்டிய அவசியமில்லை. அவற்றின் பாதி உயரத்துக்கு இருந்தாலே தாராளம். பருப்பும் பயறும் மட்டும் விதிவிலக்கு, அவை நீரைக் குடிக்கும்.

அடுத்தது வதக்கல். இந்தப் பாத்திரத்துக்குள் சூடு நீரின் கொதிநிலையைத் தாண்டாது. கறியும் வெங்காயமும் பொன்னிறமாகி வாசனை விடுவதற்கு ஏறக்குறைய 140 டிகிரிக்கு மேல் வேண்டும். எத்தனை மணி நேரம் வைத்தாலும் அந்த வாசனை உள்ளே தானாக வராது. அதனால் அகலமான வாணலியில் எண்ணெய் காய்ந்ததும் கறியைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு, ஒரு பக்கம் நன்றாகச் சிவந்தபின் எடுத்துவிடுவேன். அதே எண்ணெயில் வெங்காயம், பூண்டு, கடைசியாக மசாலாத்தூள். அப்புறம் அரை கப் வெந்நீர் விட்டு, வாணலியில் ஒட்டியிருப்பதைச் சுரண்டி, எல்லாவற்றையும் குக்கருக்குள் கொட்டுவேன். அந்த ஒட்டிய பழுப்பில்தான் பாதி ருசி இருக்கிறது. பணி முடிந்து வந்த களைப்பில் இது பெரிய வேலையாகத் தோன்றும் நாட்களுக்காக, முந்தின நாளே வெங்காய மசாலாவை வதக்கி ஃப்ரிட்ஜில் வைத்துவிடுகிறேன். பட்டை, கிராம்பு மாதிரி முழு மசாலாக்களைப் பாதியாகக் குறைக்கிறேன். எட்டு மணி நேரம் ஊறினால் அவை மற்ற எல்லாவற்றையும் அமுக்கிவிடும்.

எந்தக் கறி என்பதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. கடையில் மிருதுவானது என்று கூடுதல் விலைக்குத் தருவது இதற்கு வேண்டாம். தோள்பட்டை, முன்னங்கால், எலும்போடு சேர்ந்த, ஜவ்வு நிறைந்த துண்டுகளைக் கேட்டு வாங்குங்கள். அந்த ஜவ்வில் இருக்கும் கொலாஜன் என்ற புரதம் நீண்ட நேரச் சூட்டில் மெல்ல ஜெலட்டினாக மாறும். கறி நார் நாராகப் பிரிவதும் குழம்பு உதட்டில் ஒட்டுவதும் அதனால்தான். கோழியில் தொடைக்கறி நன்றாகத் தாங்கும். நெஞ்சுக்கறியில் ஜவ்வும் கொழுப்பும் மிகக் குறைவு, நாள் முழுக்க வைத்தால் சக்கையாகிவிடும். அதை நான் இதில் போடுவதே இல்லை.

உருளைக்கிழங்கும் கேரட்டும் கறியைவிடத் தாமதமாக வேகும் என்பது பலருக்கு ஆச்சரியமாக இருக்கும். காய்களை இறுக்கிப் பிடித்திருக்கும் பெக்டின் இளகுவதற்கு 85 டிகிரி போல வேண்டும், இந்தப் பாத்திரம் அங்கே போய்ச் சேரவே சில மணி நேரம் ஆகிறது. ஆகவே கிழங்குகளைச் சிறிதாக நறுக்கி அடியில், சுவரை ஒட்டிப் பரப்பி, கறியை மேலே வைக்க வேண்டும். புளிப்பும் காய்களை வேகவிடாது. தக்காளி அதிகம் சேரும் குழம்பில் கிழங்கை முன்பே அரைவேக்காடாக வேகவைத்துக்கொள்வேன். கீரை, பட்டாணி போன்றவை கடைசி அரை மணி நேரத்துக்குத்தான்.

ராஜ்மாவைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், இது ருசி சம்பந்தப்பட்டதல்ல. சிவப்பு ராஜ்மாவில் இயற்கையாகவே லெக்டின் என்ற நச்சுப்பொருள் உண்டு. சரியாகக் கொதிக்காமல் சாப்பிட்டால் சில மணி நேரத்திலேயே கடுமையான வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரும். ஸ்லோ குக்கரின் சூடு அதை அழிக்கப் போதாமல் போகலாம். 5 மணி நேரமாவது ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் அடுப்பில் 30 நிமிடம் தளதளவென்று கொதிக்கவைத்த பிறகே இதற்குள் போட வேண்டும். தயவுசெய்து இதில் சோம்பல் வேண்டாம். அதேபோல, உறைந்த கறியை நேராகப் போடாதீர்கள், ஃப்ரிட்ஜில் வைத்து இளகவிட்டுப் போடுங்கள். மிஞ்சியதை அடுப்பில் சூடாக்கிக்கொள்ளலாம், குக்கரில் அல்ல. நாம் தூங்கும்போதோ வெளியே போயிருக்கும்போதோ நெடுநேரம் மின்சாரம் நின்றிருந்தால், பார்க்க நன்றாக இருந்தாலும் அந்தச் சாப்பாட்டைக் கொட்டிவிட வேண்டும்.

சரி, எழுந்தாயிற்று. நடுவில் விழிப்பு வந்தாலும் மூடியை நான் தொடுவதில்லை. ஒருமுறை திறந்தால் போன சூடு திரும்ப 15, 20 நிமிடம் ஆகும். இப்போது திறக்கலாம். மேலே மிதக்கும் எண்ணெயைக் கரண்டியால் எடுத்துவிட்டு, குழம்பு தளர்வாக இருந்தால் கொஞ்சம் சோள மாவைக் குளிர்ந்த நீரில் கரைத்து ஊற்றி 'ஹை'யில் வைப்பேன். தயிர், பால், தேங்காய்ப்பால் எதுவானாலும் இந்த நேரத்தில்தான் சேர்க்கிறேன், முன்பே சேர்த்தால் திரிந்துபோகும். உப்பை ருசி பார்த்துச் சரிசெய்வதும் இப்போதுதான். நீண்ட நேரம் வெந்த சாப்பாட்டில் எல்லா ருசியும் ஒன்றோடொன்று கலந்து கொஞ்சம் மழுங்கியிருக்கும். அதை எழுப்புவதற்குப் பரிமாறும் முன் எலுமிச்சைச் சாறு, புதிதாக இடித்த மிளகு, ஒரு கைப்பிடி கொத்தமல்லித்தழை. இவை மூன்றும் இல்லாமல் நான் பாத்திரத்தை மேசைக்குக் கொண்டுபோவதில்லை.

வாங்க நினைப்பவர்களுக்கு ஒன்று. பாத்திரம் பாதியிலிருந்து மூன்றில் இரண்டு பங்குவரை நிறைந்திருந்தால்தான் ஒழுங்காக வேகும், அதனால் வீட்டில் இருவர் என்றால் ஆறு லிட்டர் குக்கர் வேண்டாம், மூன்று லிட்டர் போதும். பீங்கான் பாத்திரம் தனியாகக் கழற்றும்படி இருக்கட்டும், சூடாக இருக்கும்போது அதில் குளிர்ந்த தண்ணீர் ஊற்றாதீர்கள், விரிசல் விடும். நேரம் முடிந்ததும், சாப்பாட்டை ஆறாமல் வைத்திருக்கும் 'வார்ம்' நிலைக்குத் தானாக மாறும் டைமர் உள்ளதாகப் பாருங்கள். என்னைப் போல வேலை முடிந்து அயர்ந்து தூங்குகிறவர்களுக்கு மற்ற எந்த வசதியையும்விட அதுதான் முக்கியம்.