கீழாநெல்லியைத் திருப்பிப் பார்த்த கதை

செடி, உயிரினங்களின் படங்களைப் பகிர்ந்து அடையாளம் காணும் ஐநேச்சுரலிஸ்ட் தளத்தில் பிறர் பதிவேற்றிய செடிகளுக்குப் பெயர் சொல்லத் தொடங்கியபோது, சிவகங்கை மாவட்டத்தில் அடையாளம் உறுதியாகாமல் கிடந்த பதிவுகளை மட்டும் வடிகட்டி எடுத்துக்கொண்டேன். ஆவாரையும் தும்பையும் நெருஞ்சியும் எளிதாகவே முடிந்தன. கானாடுகாத்தான் வீடொன்றின் வளவில் தொட்டியில் நின்ற காகிதப்பூவை ‘வளர்ப்புச் செடி’ என்று குறித்ததோடு வேலை தீர்ந்தது. கீழாநெல்லியில்தான் மாட்டிக்கொண்டேன்.

ஊருணிக் கரைச் செம்மண்ணில் எடுக்கப்பட்ட ஒரு படத்துக்கு, பழைய மருந்து நூல்களைப் படித்த பழக்கத்தில், ஃபில்லாந்தஸ் நிரூரி என்ற அறிவியல் பெயரை எழுதினேன். பதிவிட்டவரும், நன்றி சொல்வதாக நினைத்தோ என்னவோ, ஆமோதித்துவிட, இரண்டே பேர் சொன்னதில் அது அடையாளம் உறுதியானதாகக் கொள்ளப்படும் ‘ஆய்வுத் தரம்’ பெற்றுவிட்டது. மறுநாள் மூன்றாமவர் ஒருவர் ஃபில்லாந்தஸ் அமாரஸ் என்று குறித்து, “புல்லி இதழ்களை எண்ணினீர்களா?” என்று கேட்டிருந்தார். மூன்றில் இரண்டு பங்குக்கு மேற்பட்டோர் ஒத்துப்போக வேண்டும் என்பது விதி. மூவரில் இருவர் என்பது அந்த அளவைத் தொடுமே தவிரத் தாண்டாது என்பதால், பதிவு ஃபில்லாந்தஸ் என்ற பேரினப் பெயர் அளவுக்கு இறங்கியது.

தேடிப் படித்த பிறகே, நிரூரி அமெரிக்கக் கண்டத்துக்கு உரியது என்பதும், நம் தாவர நூல்கள் அந்தப் பெயரில் அமாரஸ், டெபிலிஸ், ஃபிராட்டர்னஸ் ஆகிய மூன்றையும் கலந்து எழுதியிருந்ததை 1985-இலேயே தாவரவியலாளர்கள் சுட்டிக்காட்டிவிட்டார்கள் என்பதும் தெரிந்தன. கொல்லையில் ஒரு கிளையைப் பறித்துத் திருப்பி, கைப்பேசியில் லென்ஸ் மாட்டிப் பார்த்தேன். வரிசையாகத் தொங்கிய மிளகினும் சிறிய காய்களின் காம்பருகே, உதிராமல் நின்ற புல்லிகள் பச்சை நட்சத்திரம்போல் விரிந்திருந்தன: ஐந்து. அமாரஸுக்கு ஐந்து, மற்ற இரண்டுக்கும் ஆறு. அருகில் நின்ற அப்பத்தா, “மஞ்சக்காமாலைக்கு மோர்ல அரைச்சுக் குடுக்கிறப்ப யாருடா இதெல்லாம் எண்ணுனா?” என்று சிரித்தார்.

என் குறிப்பைத் திரும்பப் பெற்றேன். அமாரஸ் என்று மாற்றிக் குறிக்கவும் கை வரவில்லை; மேலிருந்து எடுத்த அந்தப் படத்தில் இலைகள் மட்டுமே தெரிகின்றன. அடிப்புறத்தை ஒரு படம் எடுத்துச் சேர்க்க இயலுமா என்று பதிவிட்டவரைக் கேட்டேன். அவர் போய்ப் பார்ப்பதற்குள் ஊருணிக் கரையைச் செதுக்கித் துப்புரவாக்கியிருந்தார்கள்.