சர்ஃபிங் பயணத்தில் யாரும் மணலிலேயே திரும்பிவிடாமல் இருக்க

சர்ஃபிங் (பலகையில் ஏறி அலைமேல் சறுக்குவது) கற்கப் போகிற பெண்கள் பலருக்குக் கடலைவிடக் கரைதான் சிக்கல். உடை மாற்ற மறைவிடம் இருக்காது, கொடுத்த பலகை கைக்கு அடங்காது, வேடிக்கை பார்க்கிற கூட்டம் நகராது. குழுவாக அழைத்துப் போகிறவர்கள் முதலில் இதைக் கவனியுங்கள்.

மணல் தரை, இடுப்பளவு ஆழத்தில் நுரைத்து வரும் அலை, பக்கத்திலேயே தாழ்ப்பாள் போட்ட கழிப்பறை: இந்த மூன்றும் இருக்கும் கடற்கரையாகப் பாருங்கள். கழிப்பறை தூரம் என்றால் பலர் காலையிலிருந்தே தண்ணீர் குடிக்க மாட்டார்கள். அப்படியே வெயிலில் இரண்டு மணி நேரம் பலகையில் படுத்துக் கையால் நீரைத் துழாவினால் தலைசுற்றும். மாதவிடாய் நாளில் வருபவர் கேட்கும் முதல் கேள்வியும் கழிப்பறை பற்றித்தான். காற்று கிளம்புவதற்கு முன், விடியற்காலையில் இறங்கினால் அலையும் ஒழுங்காக இருக்கும், கூட்டமும் குறைவு.

'சின்ன ஆளுக்குச் சின்னப் பலகை' என்று 6 அடிப் பலகையை நீட்டுவது அடிக்கடி நடக்கும் தவறு. மிதப்பு போதாத பலகை வேகம் எடுப்பதற்குள் அலை கடந்துபோய்விடும். 50, 60 கிலோ எடைக்கு 8 அடி நுரைப் பலகை (மெத்தென்ற ஃபோம் பலகை) சரியாக இருக்கும், அதற்கு மேல் 9 அடி. ஆனால் அதன் அகலம் 22 அங்குலத்துக்குக் குறையாது, கை குட்டையானவரால் அக்குளில் இடுக்க முடியாது. இரண்டு பேர் முன்னும் பின்னுமாக நின்று, பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு பலகைகளையும் முனையிலும் வாலிலும் பிடித்துத் தூக்கினால் எளிது.

பருத்திச் சட்டை நனைந்தால் கனத்து, தோளைக் கீழே இழுக்கும். முழுக்கை ராஷ் கார்டும் (உடம்பை ஒட்டிய நீச்சல் சட்டை) லெக்கிங்ஸும் போதும். முன்பக்கம் ஜிப் வேண்டாம், குப்புறப் படுத்தால் நெஞ்செலும்பில் குத்தும். இடுப்பு நாடாவோடு கோக்கும் வளையம் இருந்தால் அலை அடிக்கும்போது சட்டை மேலே சுருளாது. தலையை மறைப்பவர்கள் ஊசி குத்தத் தேவையில்லாத நீச்சல் தலைமூடி அணியலாம். பெரிய அளவுகள் இருக்கின்றனவா என்று பயிற்சிப் பள்ளியில் முன்பே கேளுங்கள். அங்கே போய்ப் பொருந்தாமல் நிற்பதைப் போன்ற கூச்சம் வேறில்லை.

தொடுவதற்கு முன் கேட்கிற பயிற்சியாளர் வேண்டும். அலையில் தள்ளிவிட பலகையின் வாலைப் பிடித்தாலே போதும், உடம்பில் கை வைக்கத் தேவையே இல்லை. எழுந்து நிற்க முடியாதவரைப் பார்த்து 'கையில் வலு இல்லை' என்று சொல்லிவிடுவார்கள். பெரும்பாலும் உள்ளங்கை முகத்துக்கு நேராகப் போயிருக்கும், அதனால் முன்காலைக் கொண்டுவர இடம் கிடைக்காது. கையைக் கீழ்விலாவுக்குப் பக்கத்தில் ஊன்றச் சொல்லுங்கள். அப்போதும் வரவில்லை என்றால் பின்காலைப் பக்கவாட்டில் ஊன்றிவிட்டு முன்காலை உள்ளே இழுப்பது எளிது. படுத்திருக்கும்போது பலகையின் முனை நீருக்கு மேல் இரண்டு விரற்கடை தெரிய வேண்டும். முனை மூழ்கினால் ஆள் குப்புற விழுவார். ரொம்ப உயர்ந்தால் பலகை நகராது.

நீச்சல் தெரியாதவர் வெட்கப்பட ஒன்றுமில்லை. நீச்சல்குளமும் கடற்கரையும் எல்லாச் சமூகத்துக்கும் திறந்திருக்கவில்லை. அமெரிக்காவின் சாண்டா மோனிகாவில் கறுப்பின மக்கள் கூடிய 'இங்க்வெல்' கரையில்தான் கறுப்பின சர்ஃபர் நிக் கபால்டோன் 1940களில் அலையேறினார். பலகையைத் தொடும் முன் இரண்டு நாள் மிதக்கப் பழக்குங்கள். சக்கர நாற்காலியில் வருபவருக்கு மணலில் விரிக்கும் பாயும் அகலச் சக்கர நாற்காலியும் வேண்டும். படுத்தபடியே சறுக்குவதும் சர்ஃபிங்தான், மாற்றுத்திறனாளிகளுக்கான உலகப் போட்டி 2015 முதல் நடக்கிறது.

ஆழத்துக்குப் போனபின் ஒரு விதி: அலை முதலில் உடையும் இடத்துக்கு அருகில் இருப்பவருக்கே அந்த அலை. பழையவர்கள் சிலர் புதியவரைச் சுற்றித் துழாவி உள்ளே புகுந்து அந்த இடத்தைப் பிடித்துக்கொள்வார்கள். அதனால் வழிகாட்டி பக்கத்திலேயே மிதந்து, 'இது இவங்களோட அலை' என்று எல்லோருக்கும் கேட்கும்படி சத்தமாகச் சொல்ல வேண்டும்.