மூன்று வாரம், ஆறு மாதம்

அமெரிக்காவில் எனக்குக் கிடைத்த முதல் அன்பளிப்பு ஒரு பழைய கேசட். 1999ஆம் ஆண்டு. கலிஃபோர்னியாவின் ஃப்ரீமான்ட்டில் இரண்டு அறை வீடொன்றை நான்கு பேர் பங்குபோட்டு இருந்தோம். 2000 பிறக்கும்போது கணினிகளுக்குத் தேதி குழம்பிவிடாமல் பார்த்துக்கொள்ளும் வேலை எனக்கு. பழைய பொருள்கள் விற்கும் கடையில் மூன்று டாலருக்கு வாங்கிய, கிரீன் டே என்ற பங்க் ராக் குழுவின் ‘டூக்கி’ ஆல்பத்தை மதிய உணவு நேரத்தில் கேட்டுக்கொண்டிருந்தபோது, பக்கத்து மேசைக்காரர் எட்டிப் பார்த்து முகம் சுளித்தார். ஓக்லண்டில் பிறந்து வளர்ந்தவர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். மறுநாள் அதே குழுவின் முந்தைய ஆல்பமான ‘கெர்ப்ளங்க்’ கேசட்டை என் மேசையில் வைத்தார்.

“இது அவர்கள் விலைபோவதற்கு முன்பு” என்றார்.

அந்தக் குற்றச்சாட்டு எனக்குப் புதிதல்ல. விமானம் ஏறுவதற்கு முந்தைய வாரம், திருச்சியில் என்னோடு கையெழுத்துப் பத்திரிகை நடத்திய நண்பன் அதையேதான் என்னிடம் சொல்லியிருந்தான். வழியனுப்ப ரயில் நிலையத்துக்கும் வரவில்லை.

‘வெல்கம் டு பாரடைஸ்’ என்ற பாட்டு இரண்டு ஆல்பத்திலும் இருக்கிறது. வீட்டைவிட்டுப் போன பையன் அம்மாவிடம் பேசுவதாக அமைந்த பாட்டு. மூன்று வாரம் ஆகிறது, பயமாக இருக்கிறது என்கிறான். ஆறு மாதம் கழித்து, இந்த இடிந்த தெருதான் என் வீடு என்கிறான். மேற்கு ஓக்லண்டில் ஒரு பழைய கிடங்கில் அவர்கள் குடியிருந்த நாள்களிலிருந்து பிறந்தது அது. 1991இல் பதிவான முதல் வடிவத்தில் கிட்டார் கரகரக்கிறது, குரல் சற்றே பின்தங்குகிறது, அடுத்த அறையில் யாரோ பாடுவதுபோல் இருக்கும். ‘டூக்கி’யில் அதே பாட்டு, அதே வேகம், ஆனால் எல்லாம் துடைத்துவைத்த வெண்கலப் பாத்திரம்போல் பளபளக்கிறது. குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அந்தப் பையனுக்கு இனிப் பயமில்லை என்று தோன்றும்.

நானோ அப்போது மூன்றாவது வாரத்தில் இருந்தேன். காலிங் கார்டின் எண்களைச் சுரண்டி, அம்மாவை அழைத்து, நன்றாகச் சாப்பிடுகிறேன் என்று பொய் சொல்லிக்கொண்டிருந்தேன். கரகரப்புதான் எனக்குப் பொருந்தியது.

ஒரு சனிக்கிழமை மேசைக்காரர் என்னை பெர்க்லிக்கு அழைத்துப் போனார். (பங்க் என்றால் பெட்ரோல் பங்க் மட்டுமே தெரிந்த என் அறைத்தோழர், எதற்கும் பாஸ்போர்ட்டை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போகச் சொன்னார்.) ஃப்ரீமான்ட்டிலிருந்து பார்ட் ரயில், வடக்கு பெர்க்லி நிலையம், பிறகு கிடங்குகளுக்கிடையே நீண்ட நடை. 924 கில்மன் தெரு: பங்க் குழுக்கள் மேடையேறும் அரங்கு. பக்கத்திலேயே நாற்காலிக்குப் பிரம்பு பின்னும் சாமான்கள் விற்கும் கடை. அதைப் பார்த்ததும் ஏனோ தைரியம் வந்தது. ஆண்டுக்கு இரண்டு டாலர் உறுப்பினர் அட்டை, நுழைவுக்கு ஐந்து டாலர். மது கிடையாது, அடிதடி கிடையாது, இனவெறி கிடையாது என்று விதிகளை எழுதிப் போட்டிருந்தார்கள். தொண்டர்களே நடத்தும் இடம்; 1986இன் கடைசி இரவில் தொடங்கியது. இன்னொரு விதியும் இருந்தது: பெரிய இசை நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்ட குழு அங்கே மேடையேறக் கூடாது.

கிரீன் டே அங்கே வளர்ந்த பையன்கள். 1993இல் ரிப்ரைஸ் என்ற பெரிய நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்டதும் கதவு மூடியது. 1994 பிப்ரவரியில் ‘டூக்கி’ வந்து, அமெரிக்காவில் மட்டும் ஒரு கோடிப் பிரதிகளைத் தாண்டியது. இத்தனைக்கும் அதைப் பதிவுசெய்தது அதே பெர்க்லியில் இருந்த ஃபேன்டஸி ஸ்டுடியோவில்தான். கில்மனிலிருந்து கூப்பிடு தூரம் என்று சொல்ல முடியாது, ஆனால் நடந்தே போய்விடலாம். திருச்சியிலிருந்து நான் வந்த தூரத்தோடு ஒப்பிட்டால் இவர்கள் எங்கேயும் போகவில்லை.

இதை மேசைக்காரரிடம் சொன்னேன். “தூரம் மைலில் இல்லை” என்றார். பல ஆண்டுகள் இதே வாதம். 2005இல், உரிமைத்தொகை ஒழுங்காக வராததால், பழைய ஆல்பங்களை லுக்அவுட் என்ற சிறு நிறுவனத்திடமிருந்து குழு திரும்ப எடுத்துக்கொண்டது. சிறியதெல்லாம் தூய்மை என்று நம்பிய அவர் அன்று முழுவதும் யாரிடமும் பேசவில்லை. 2009இல் அவர்களுடைய ‘அமெரிக்கன் இடியட்’ ஆல்பம் இசைநாடகமாக பெர்க்லி ரெப்பர்டரி அரங்கில் அரங்கேறியபோது நான் மனைவியோடு போய்வந்தேன், அவருக்குச் சொல்லவில்லை. 2015 மே மாதம், ஒரு நிதிதிரட்டும் நிகழ்ச்சிக்காக கில்மன் கதவு அவர்களுக்கு ஒரே ஓர் இரவு திறந்தது. “போவீர்களா?” என்று கேட்டேன். “அங்கே அவர்களை ஏற்கெனவே பார்த்துவிட்டேன்” என்றார்.

அந்த ஆண்டு இறுதியில் ஊருக்குப் போனேன். நண்பன் வீட்டுக்கு, பதினாறு வருடம் கழித்து. பேச்சு தயங்கித் தயங்கி நடந்தது. திடீரென எழுந்து உள்ளே போய் ஒரு பிஸ்கட் டின்னை எடுத்துவந்தான். எங்கள் கையெழுத்துப் பத்திரிகை, பதினோரு இதழ்கள், மூலை மடங்காமல். நான் இருபது வயதில் எழுதிய கவிதை ஒன்றைச் சத்தமாகப் படித்தான். பக்கத்தைப் பார்க்காமலேயே பாதிக்கு மேல் சொன்னான். கூசிப்போய் உட்கார்ந்திருந்தேன்; அவ்வளவு மோசமான கவிதை. “என்ன வேகமடா இது!” என்றான்.

கலிஃபோர்னியாவில் உட்கார்ந்து, நாலு முறை திருத்தி எழுதிய கட்டுரைகளைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். இரண்டு பக்கம் புரட்டினான். மேசைமேல் வைத்துவிட்டு, “காபி போடச் சொல்லட்டுமா?” என்று கேட்டான்.